பதினேழின் பிள்ளைகள்

கோடு எழும்பவில்லை.

பி.சி.ஆர் எந்திரத்தின் திரையில் இருபத்தைந்தாவது சுற்றுக்குள் அது மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறினால் நாங்கள் நெல்லில் செய்த மாற்றம் அந்த இலையில் உண்டு. படுத்துக் கிடந்தால் இல்லை. முப்பது ஆயிற்று, முப்பத்தைந்து ஆயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய மாதிரியின் கோடு ஜோராக ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்குக் கிள்ளிய இலையின் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எந்திரத்தின் பின்னால் போய் ஒயரை அழுத்திப் பார்த்தேன். ஒயருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று எனக்கே தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மணி ஒன்பது நாற்பது. மூன்று மணிக்கு அனுமதிக் குழு வருகிறது.

இந்தச் சோதனைக்கூடத்தில் நான் உதவியாளர். ஒன்பது வருடமாக இலை கிள்ளுவது, அரைப்பது, குழியில் சொட்டு விடுவது, கண்ணாடிக் கூடத்துச் செடிகளுக்குத் தண்ணீர் பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். என் அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்து அவசரக்குடுக்கை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தேய்ந்து இப்போது வெறும் குடுக்கையாகிவிட்டது. அப்படி எல்லாவற்றுக்கும் பறக்கிறவள், இந்த ஒரு பரிசோதனையை மட்டும் குழு வரும் நாள் காலை வரை தள்ளிப்போட்டுவிட்டேன். தாய் சுத்தமென்றால் பிள்ளையும் சுத்தம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற தைரியம்.

தாய் என்றால் பதினேழாம் நம்பர் நாற்று. நெல்லின் ஒரு மரபணுவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தால், வேர் உப்பை உள்ளே விடாது என்பது மேடத்தின் பத்து வருட நம்பிக்கை. மேடம்தான் எங்கள் ஆய்வுத் தலைவர். போன வருடம் ஒரே கதிரின் விதைகளிலிருந்து தொண்ணூற்றாறு நாற்று வளர்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் இலை கிள்ளிப் பார்த்ததில், ஒன்றே ஒன்றில் அந்த வெட்டு முழுசாக இருந்தது. அதுதான் பதினேழு. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண நாற்று மூன்றை வைத்துக்கொண்டு, மீதித் தொண்ணூற்றிரண்டையும் விதிப்படி ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் போட்டு நானே அவித்தேன். அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அவித்ததாக ஞாபகம்.

பதினேழு தூர் கட்டிப் பூத்து, கை நிறைய மணி கொடுத்தது. அதன் பிள்ளைகள் இப்போது கண்ணாடிக் கூடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் பதினெட்டு நாளாக நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் மூன்று தொட்டிகளில் சாதாரண நெல். அவை வைக்கோல் நிறத்துக்குப் போய்விட்டன. பதினேழின் பிள்ளைகள் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. இன்றைக்குக் குழு அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு விதை என் அக்காவின் வயலுக்குப் போகும்.

 அக்காவின் வயல் கடலிலிருந்து கூப்பிடு தூரம். நான்கு வருடத்துக்கு முன் கரை உடைந்து கடல் உள்ளே வந்து போனதிலிருந்து மண்ணில் வெள்ளையாகப் படை கட்டிக் கிடக்கிறது. மூன்று பக்கமும் நிலம் இறால் குட்டையாகிவிட்டது. நடுவில் இவர்கள் வயல் ஒன்றுதான் வயலாக இருக்கிறது. குட்டை வெட்டினால் அப்புறம் அது ஒருநாளும் வயலாகாது. மாமா இந்தப் பருவம் வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். என் பேச்சை நம்பி அக்காதான் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். வெளிவயல் சோதனைக்கு அந்த நிலத்தின் பெயரை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இலை மாறியிருக்கும், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணாடிக் கூடத்துக்கு ஓடினேன். நடைவழியில் மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. மடிப்புக் கலையாத உடையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் முடிஞ்சுதா?" என்றார் திரும்பாமலே.

"ஓடுது மேடம்" என்றேன். ஓடிக்கொண்டிருந்தது நான்.

கூடத்துக்குள் வெக்கை முகத்தில் அடித்தது. பதினேழின் தொட்டிமேல் குனிந்து, வேறு ஒரு செடியில் இலை நுனியைக் கிள்ளினேன். பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனேன். இன்னொரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தைக் குளிர வைப்பதற்காகக் கூரையோரமாக ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதிலிருந்து பனிபோல் தண்ணீர் தூவும். அதன் ஒரு மூட்டு லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. தொட்டியை அந்த இடத்தில் வைத்தது நானேதான். கூடத்திலேயே குளுமையான மூலை அது. பெற்றவளுக்குச் செல்லப்பிள்ளை இருப்பதுபோல எனக்குப் பதினேழு. நல்ல இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

சொட்டு நல்ல தண்ணீர். தொட்டியில் இருப்பது உப்புத் தண்ணீர், மிஞ்சுவது ஓரத்துத் துளை வழியாக வழிந்துவிடும்.

ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். தொட்டிகளின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் வற்றி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ஊற்ற வேண்டும். மற்ற மூன்றுக்கும் தினம் ஊற்றினேன். பதினேழின் தொட்டிக்கு ஒருநாள்கூட ஊற்ற வேண்டி வரவில்லை. "சமத்து, ரொம்பக் குடிக்கவே குடிக்காது" என்று மேடத்திடம் பெருமையடித்தேன். மேடம் அதை அறிக்கையிலேயே சேர்த்துவிட்டார். இந்த ரகத்துக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது என்று மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அலமாரியிலிருந்து உப்பு மீட்டரை எடுத்தேன். அவசரத்தில் மூடி கீழே விழுந்து உருண்டது, எடுக்கவில்லை. காய்ந்த தொட்டிகளில் விட்டேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டரை. பதினேழின் தொட்டியில் விட்டேன். ஐந்து.

ஐந்தில் எந்த நெல்லும் பிழைத்துக் கிடக்கும். முதல் நாள் உப்பு கரைத்தபோது நான்கையும் அளந்ததோடு சரி, அப்புறம் யாரும் அளக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. குழாய்மேல், மூட்டைப் பூட்டியவன்மேல், மீட்டர்மேல், கடைசியில் வேறு ஆள் கிடைக்காமல் என்மேல்.

சரி, தொட்டி தப்பு. ஆனால் நாற்றாக இருந்தபோது எந்திரம் பதினேழுக்குக் கோடு ஏறியதைக் காட்டியதே, அது எப்படித் தப்பாகும்? ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி நடந்தேன், பாதி வழியில் நின்றேன், மறுபடி நடந்தேன். புது இலையை அரைத்துக் குழியில் விடும்போதுதான் கையிலிருந்த பிளேட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி. ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அந்த மூலை எந்தப் பக்கம் வர வேண்டுமென்று எந்திரத்தில் குறி இருக்கிறது. அவசரத்தில் திருப்பி வைத்தாலும் தட்டு சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் கடைசிக் குழியில் மாதிரி எதுவும் விடாமல் வெறும் தண்ணீர் விட வேண்டுமென்பது எங்கள் விதி. வெறும் குழி தலைமாட்டில் வந்து நின்றால், தட்டு தலைகீழ் என்று தெரிந்துபோகும்.

அன்றைக்கு நான் கடைசிக் குழியை வெறுமனே விடவில்லை. நாற்று சரியாகத் தொண்ணூற்றாறு இருந்தது. தண்ணீருக்கு இடம் விட்டால் ஒரு நாற்றைத் தள்ள வேண்டும். இதுதான் அந்த ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று மனசு வரவில்லை. ஒன்றையும் விடாமல் அத்தனையையும் நிரப்பினேன்.

தட்டு தலைகீழாகப் போனால் பதினேழாம் குழியின் இடத்தில் எது வந்து நிற்கும்? விரலால் எண்ணினேன். நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் மேலிருந்து எண்ணினேன். எண்பது.

அந்த நாற்றுகளின் சாறு வேறொரு தட்டில் ஃப்ரீசரில் இன்னும் இருந்தது. அதில் நம்பர் ஒவ்வொரு குழிமேலும் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்து, பதினேழிலிருந்தும் எண்பதிலிருந்தும் ஒவ்வொரு சொட்டும், புது இலையிலிருந்து ஒரு சொட்டும் விட்டு, கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் விட்டு, வெட்டிய மூலையை மூன்று தடவை தடவிப் பார்த்து எந்திரத்தை மூடினேன். இரண்டு மணி நேரம் ஆகும்.

இரண்டு மணி நேரம் என்ன செய்வது? மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தேன். அளவு வாரியாக அடுக்கியிருந்த டப்பாக்களை நிறம் வாரியாக அடுக்கினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். அதற்குள் அக்கா போன் செய்தாள்.

"குடுக்கை, வந்துட்டாங்களா?"

"மூணு மணிக்குத்தான்க்கா."

"மாமா நாத்தங்காலுக்குத் தண்ணி விட்டாச்சு. காலையில குட்டைக்காரங்க வந்து கேட்டாங்க. இந்த வருஷம் நாங்க நெல்லு போடறோம், நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவரு வாயால சொன்னாருடி! நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் அந்த மனுஷன் விசிலடிச்சிக்கிட்டுத் திரியறாரு."

"அக்கா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்."

"நீ போன்ல நிம்மதியாப் பேசி நான் பார்த்ததே இல்ல, வை" என்று அவளே வைத்துவிட்டாள்.

பன்னிரண்டரை மணிக்குத் திரையில் கோடுகள் வரத் தொடங்கின. புது இலை படுத்துக் கிடந்தது. வெறும் தண்ணீர் படுத்துக் கிடந்தது, அது நியாயம். பதினேழு படுத்துக் கிடந்தது. எண்பது இருபத்து மூன்றாம் சுற்றில் மெல்லத் தலை தூக்கி, இருபத்தைந்தில் நிமிர்ந்து, நேராக மேலே போயிற்று. இவ்வளவு அழகான கோட்டை நான் இந்த ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டு, குழாய், ஐந்து, எண்பது. மேடம் கேட்டுக்கொண்டே வந்து, கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டித் தட்டி விளிம்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாகத்தான் இருந்தது அது.

"எண்பது எங்க?"

"குக்கர்ல போட்டு அவிச்சாச்சு மேடம். போன வருஷமே."

"அந்தக் கதிரோட விதை மீதி இருக்கா?"

"முப்பத்தொண்ணு இருக்கு. எல்லாத்தையும் போட்டா ஒண்ணு ரெண்டு கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைச்சாலும் அது பூத்து, விதை பெருகி, வயலுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

மேடம் ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். இருவரும் அந்தச் சின்ன அறையில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தோம்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"இல்ல."

"இன்னிக்கு விட்டா குழு மறுபடி கூட ரெண்டு வருஷம் ஆகும். அனுமதிங்கறது ஒரு காகிதம்தான். அதை வாங்கி வெச்சுக்குவோம். அதுக்குள்ள முப்பத்தொண்ணையும் போட்டுச் சரியானதைக் கண்டுபிடிச்சு, சத்தமில்லாம மாத்திடலாம். நாம செஞ்ச வேலை பொய் இல்லையே. எண்பது நிஜம்தானே?"

அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடம் ஒரு வெட்டுக்காகத் தூக்கம் தொலைத்தவர். அந்த நிமிடத்தில் எனக்கும் அந்த யோசனை இனித்தது. தப்பை மூடிவிடலாம், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், மாமா விசிலடித்துக்கொண்டே இருப்பார்.

"நாளைக்கு அக்கா நாத்தங்கால்ல எதை மேடம் போடறது?"

அவர் மேசைத் தாள்களை மறுபடி தட்டி அடுக்கத் தொடங்கினார்.

"பதினேழோட விதையத்தானே? அது சாதா நெல்லு. அந்த மண்ணுல மூணு வாரம் தாங்காது. அப்புறம் நாத்து செத்ததுக்கு அவங்களுக்குத் தண்ணி பார்க்கத் தெரியலன்னு நாமளே எழுதுவோம்."

"எனக்கு யோசிக்க நேரம் குடு" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "நீ போ. தொட்டியைத் தொடாதே. குழாயையும் தொடாதே."

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தமென்று மூன்று மணி வரை எனக்கு விளங்கவில்லை. அப்படியே காட்டச் சொல்கிறாரா, அப்படியே மறைக்கச் சொல்கிறாரா?

குழுவில் மூன்று பேர். தலைவர் அம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நான்கு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட வந்த இரண்டு பேர் வெக்கையில் வியர்த்து, கைக்குட்டையும் கையுமாக நின்றார்கள். மேடம் பழகிய பேச்சை ஆரம்பித்தார். வெட்டு என்றால் என்ன, வேர் என்ன செய்யும், எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. நான் அவர் பின்னால் நின்று ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தேன். மேல்கோட்டுப் பையில் உப்பு மீட்டர் இருந்தது.

"இதுதானா அந்தப் பதினேழு?" என்று தலைவர் அம்மாள் பச்சைத் தொட்டிமேல் குனிந்தார். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே. தண்ணிகூடக் கம்மியாத்தான் குடிக்குதாமே?"

மேடம் வாயைத் திறந்தார், மூடினார்.

அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. இருவருக்கும் நடுவில் புகுந்து மீட்டரைத் தண்ணீரில் விட்டேன். தலைவர் அம்மாளின் பிடரியில் அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் திடுக்கிட்டு மேலே பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மேடம் என் கையிலிருந்த மீட்டரைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அஞ்சு" என்று உரக்கப் படித்தார். "பன்னெண்டு இருக்கணும். தண்ணி குடிக்காம இல்லீங்க, மேலேருந்து ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. இந்தச் செடியில நாங்க சொன்ன மாத்தமும் இல்ல. இன்னிக்கு மத்தியானம்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிக்கணும்."

கைக்குட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கினார். அப்புறம் நடந்ததெல்லாம் கேள்வியும் பதிலும்தான். அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக மேடம் எழுதிக் கொடுத்தார். தப்பு யாருடையது என்று ஒருவர் கேட்டபோது, "இந்தக் கூடத்தோடது" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அவர்கள் போனதும் மேடம் என்னிடம், "முப்பதைப் போடு. ஒண்ணை அப்படியே வை, மறுபடி தப்பு நடந்தா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். நான் குழாயின் மூட்டை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன குடுக்கை, கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லக்கா. நாத்தங்காலுக்கு விதை வராது. இந்தப் பருவத்துக்கு இல்ல."

"ஏன்? அவங்க ஒத்துக்கலியா?"

"அவங்க இல்ல. நான்தான். போன வருஷம் பரிசோதனை பண்ணும்போது ஒரு தட்டைத் தலைகீழா வெச்சுட்டேன். தப்பான நாத்தைப் புடிச்சுட்டு வளர்த்திருக்கோம்."

அவள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி யாரோ மண்வெட்டியைக் கல்லில் தட்டினார்கள்.

"அவ்வளவுதானே?" என்றாள் அக்கா. அவள் குரலில் நம்பிக்கை இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தட்டுதானே? திருப்பிச் சரியா வெச்சிடுடி. சரியான நாத்தை எடுத்துக் குடு."

"அது இல்லக்கா. மிச்ச நாத்தோட சேர்த்து அதையும் நானே அவிச்சுட்டேன்."

வாய்க்கால் சத்தத்திலிருந்து அவள் தள்ளிப் போவது கேட்டது. பிறகு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "எப்படி இருந்துச்சு அது?" என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சா?"

எண்பதாம் நாற்றை நினைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு நாற்றுக்கும் தினம் தண்ணீர் விட்டவள் நான். பதினேழின் ஒவ்வொரு இலையும் எனக்குத் தெரியும். எண்பது எந்த வரிசையில் நின்றது, உயரமா குட்டையா, எதுவும் எனக்கு நினைவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"சரி" என்றாள். பின், போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "என்னங்க, தண்ணியை நிறுத்துங்க" என்று மாமாவைக் கூப்பிட்டாள்.